ஈரம் பார்க்க வந்த ஆபீசர்

எனக்குக் கோபம் வரும் என்பது பிக்கட்டி பஜாரில் காய்கறி விற்பவர் வரைக்கும் தெரியும். சர்ச்சில் போதகரே ஒருமுறை, "யூனிஸ், கொஞ்சம் மெதுவா பேசலாமே" என்று சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது வழக்கமான கோபம் இல்லை. குடோன் கதவைத் திறந்தேன். பளபளவென்று கழுவிவிட்ட சிமெண்ட் தரை. ஓரங்களில் இன்னும் தண்ணீர் தேங்கி நின்றது. அந்தத் தண்ணீரில்தான், மரத்தூளை அழுத்திச் செய்த எங்கள் பெல்லட் மூட்டைகள் உட்கார்ந்திருந்தன.

"யார் பண்ணுன வேலைங்க இது?" என்று கத்தினேன்.

மூலையில் தங்கவேலு அண்ணன் ரப்பர் குழாயைச் சுருட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் அவ்வளவு பெருமை. பக்கத்தில் சின்னம்மை அக்கா, முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகி, கையில் துடைப்பத்தோடு.

"நாங்கதாம்மா. விடியக்காலமே வந்து கழுவிட்டோம். ஆபீசர் வாறாரு இல்ல?" என்றார் அண்ணன்.

 

எங்களுடையது டீ ஃபாக்டரி. டீ ஃபாக்டரியாக இருந்தது என்று சொல்ல வேண்டும். தேயிலைத் தூளுக்கு விலை விழுந்து, மூன்று வருடத்துக்கு முன்னால் முதலாளி லெஸ்லி சார் அதை மூடிவிட்டார். நான் அங்கே ஆபீஸ் கிளார்க். என் வீட்டுக்காரர் பிராங்ளின் அங்கேதான் டிரையர் பார்த்துக்கொண்டிருந்தார். தேயிலையை வேகவைக்காமல், கருக்காமல், சரியாகக் காயவைத்து இறக்கும் வேலை. ஃபாக்டரி மூடியதும் அவர் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைக்கு பாய்லர் பார்க்கப் போய்விட்டார். நானும் ஒன்பதாவது படிக்கிற எங்கள் கெஸியாவும் இங்கே. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். வருவதற்கு முன்னால் போன் செய்து, "சனிக்கிழமை வரட்டுமா?" என்று விருந்தாளி மாதிரி கேட்பார். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சலாக வரும். சொந்த வீட்டுக்கு வருகிறவர் கேட்டுவிட்டா வருவார்?

போன வருடம் லெஸ்லி சார் ஒரு யோசனையோடு வந்தார். அனல் மின் நிலையங்கள் நிலக்கரியை மட்டும் எரித்தால் போதாது, செடி கொடிக் கழிவில் செய்த பெல்லட்டையும் கொஞ்சம் கலந்து எரிக்க வேண்டும் என்று அரசாங்கம் விதி போட்டிருக்கிறது. எவ்வளவு பெல்லட் போகிறதோ அவ்வளவு கரி மிச்சம், அவ்வளவு புகை மிச்சம். நம் மலையில் உண்ணிச்செடி காட்டையே மூடிக் கிடக்கிறது. எஸ்டேட்டுகளில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்து வெட்டிப்போட்ட மிலார் குச்சி குவிந்து கிடக்கிறது. பொடித்து, அழுத்தி, சாக்பீஸ் துண்டு கணக்காகப் பெல்லட் செய்து கொடுத்தால் என்ன என்றார். பழைய ஆட்களில் பத்துப் பேரைக் கூப்பிட்டார். மேற்பார்வைக்கு என்னைப் போட்டார்.

கோடையில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. வெட்டிய செடியை வெயிலிலேயே காயப்போட்டு, மெஷினில் விட்டு மூட்டை கட்டினோம். சமவெளியில் இருக்கும் ஒரு மின் நிலையம், சரக்கைப் பார்க்க ஆள் அனுப்புகிறோம் என்றது. அனுப்பினார்கள், மழைக்காலமான ஜூலை மாதத்தில்.

லெஸ்லி சார் முதல் நாளே என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்த ஆள் சரி என்றால் ஃபாக்டரி ஓடும். இல்லையென்றால் மெஷின்களை எல்லாம் இரும்புக் கடைக்குக் கொடுத்துவிட்டுக் கட்டிடத்தைப் பூட்டிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, மூன்று வருடம் தாங்கினார். பூட்டினால் நானும் கெஸியாவும் மலை இறங்கித் திருப்பூரில் ஒற்றை அறையில் போய்ச் சேர வேண்டியதுதான். ஓடினால், என்றைக்காவது பிராங்ளின் மலை ஏறி வர ஒரு வழி இருக்கும். நான் அந்த ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். காடு, காற்று, புகை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இப்போது அந்தச் சரக்குதான் தண்ணீரில் நின்றது. பெல்லட்டுக்குத் தண்ணீர் ஆகவே ஆகாது. பட்டால் ஊதி, உடைந்து, மறுபடியும் மரத்தூளாகிவிடும்.

"ஏனுங்ண்ணா, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் யோசனை இருக்கா? பெல்லட் வெச்சிருக்கிற குடோனுக்குள்ள குழாயக் கொண்டாந்து பீச்சி அடிச்சிருக்கீங்களே!"

தங்கவேலு அண்ணனின் முகம் சுருங்கியது. சின்ன வயதில் கப்பலேறிச் சிலோனிலிருந்து வந்தவர், வந்த நாளிலிருந்து டீ ஃபாக்டரியில்தான் வேலை. "ஆபீசர் வாறாருன்னா தரை கழுவாம எப்பிடிம்மா?" என்றார். "அங்கயும் சரி, இங்கயும் சரி, இன்ஸ்பெக்ஷன்னா மொத நாளே ஃபாக்டரி பூராவும் கழுவணும். கழுவாட்டி தொரை தொலைச்சிருவாரு. நீங்களே எத்தனை தரம் கழுவச் சொல்லியிருக்கீங்க."

அது உண்மை. டீ ஃபாக்டரிக்கு அதிகாரி வருகிறார் என்றால் முதலில் குழாயைத்தான் எடுப்போம். தரையில் முகம் தெரிய வேண்டும். எங்கள் யாருக்கும் அது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. கை தானாகப் போகும். அவர் மேல் கத்தியது எனக்கே கூச்சமாக இருந்தது, ஆனால் கூச்சப்பட நேரமில்லை.

மூட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன். அடி வரிசை மொத்தமும் போச்சு. பலகை போதாமல் பாதி மூட்டைகளைத் தரையிலேயே அடுக்கியிருந்தோம். மேல் வரிசை பரவாயில்லை.

"மேல இருக்கிறத எடுத்து வாசல் பக்கம் அடுக்குங்க. ஈரமானத எல்லாம் பின்னால தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடுங்க. ஒரு வார்த்தை வெளிய வரக்கூடாது" என்றேன்.

சின்னம்மை அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் தூக்கினார். எல்லோரும் தூக்கினோம். தார்ப்பாயின் கடைசி மூலையை இழுத்துவிட்டபோது வாசலில் ஜீப் வந்து நின்றது.

இறங்கியவருக்கு ஐம்பது வயது இருக்கும். காதை மூடி மஃப்ளர், அதற்கு மேல் குல்லா, ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர். பெயர் பழனியாண்டி. மின் நிலையத்தில் எரிபொருள் பிரிவு எஞ்சினியர். கையில் சின்னப் பெட்டி, ஈரம் அளக்கிற கருவி அதற்குள் இருந்தது.

"அவலாஞ்சியில மழைன்னா எங்க ஊர் டிவியில வருதும்மா. அந்தப் பக்கத்துலருந்து பெல்லட் வாங்கப் போறேன்னா சிரிக்கிறாங்க" என்றார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. "போன மழைக்கு வேற ஒருத்தர் ஈரச் சரக்கு அனுப்பினார். எங்க மில்லு கரியை மாவா அரைக்கிற மில்லு. ஈரப் பெல்லட் உள்ள போச்சுன்னா களி மாதிரி ஒட்டிக்கும். ரெண்டு நாள் மில்லை நிறுத்திச் சுரண்டினோம். அந்த மாசம் பூராவும் வெறும் கரிதான் எரிச்சோம். பெல்லட் போடலாம் போடலாம்னு கத்திக்கிட்டிருந்தது நான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"எங்க சரக்கு நல்ல சரக்குங்க சார்" என்றேன்.

முன்னால் இருந்த மூட்டையைப் பிரித்து, பெல்லட்டைக் கருவியில் போட்டார். ஈரம் பதினொரு சதவீதம் காட்டியது. பதினாலு வரைக்கும் இருக்கலாம்.  அவர் நிமிர்ந்து குடோனைச் சுற்றிலும் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"தரை ஏன் இவ்வளவு ஈரமா இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கவேலு அண்ணன் சொன்னார், "நான்தானுங்க கழுவினேன். நீங்க வாறீங்கன்னு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை வரக்கூடாது என்றது அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கும். பாவம், அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை.

பழனியாண்டி நேராகப் போய்த் தார்ப்பாயைத் தூக்கினார். அடி மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். புட்டுக்குப் பிசைந்த மாவு மாதிரி கையில் உதிர்ந்தது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. களைத்துப்போன குரலில், "நான் நினைச்சதுதான். இந்த மலையில காத்தே ஈரம். உங்க மேல தப்பு இல்லைம்மா, ஊர் அப்படி. இது இங்க சரிப்படாது" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார்.

அந்தப் பெட்டி மூடுகிற சத்தத்தில் எனக்குத் திருப்பூர் ஒற்றை அறை தெரிந்தது. அதோடு வந்தது எனக்குக் கோபம்.

"ஈரமுங்களா சார்?" என்றேன். "இது டீ ஃபாக்டரி. கொழுந்து வரும்போது முக்காவாசி தண்ணிதான். மழையில நனைஞ்சு சொட்டச் சொட்ட வரும். அத மொறுமொறுன்னு காயவெச்சுத்தான் நாங்க இத்தனை வருசமும் சோறு தின்னோம். எங்களுக்கு வந்து ஈரத்தைப் பத்திச் சொல்றீங்களா? மூட்டைய நனைச்சது எங்க முட்டாத்தனம், ஒத்துக்கறேன். மறைச்சதும் தப்புத்தான், அதையும் ஒத்துக்கறேன். ஆனா காயவைக்கத் தெரியாதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போகாதீங்க."

 போதகர் இருந்திருந்தால் கண்ணை மூடியிருப்பார்.

பழனியாண்டி பெட்டியைக் கீழே வைத்தார். "காயவைங்க, பாக்கலாம்" என்றார். "இந்த ஈரத்தையே காயவெச்சு, இதையே திரும்பப் பெல்லட்டா போட்டுக் காட்டுங்க. நாலு மணி வரைக்கும் இருப்பேன். அதுக்கு மேல மூடுபனியில டிரைவர் இறங்க மாட்டார்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, டிரையரை ஓட்ட எனக்கு எங்கே தெரியும்? கோடை முழுக்க வெயிலில் காயவைத்ததில் அதன் தேவையே வரவில்லை. ஈஸ்டர் லீவில் வந்தபோது பிராங்ளின் கிரீஸ் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். போனை எடுத்தேன். எங்கள் ஃபாக்டரியில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று, கொழுந்து இறக்குகிற ஜன்னல் பக்கம். டிரையர் இருப்பதோ உள்ளே கடைசியில்.

"ஏனுங்க, வேலையில இருக்கீங்களா?"

"பாய்லர்கிட்ட நிக்கிறேன். என்னாச்சு? பாஸா?"

நடந்ததைச் சொன்னேன்.  "போனை ஸ்பீக்கர்ல போடு. கட் பண்ணாதே" என்றார்.

சின்னம்மை அக்காவை ஜன்னலில் நிறுத்தினேன். அவர் குரல் தேயிலை மலையில் மூன்று வரிசை தள்ளி இருப்பவரையும் கூப்பிட்டுப் பழகிய குரல். பிராங்ளின் சொல்வதை அவர் உள்ளே கத்த வேண்டும், நாங்கள் சொல்வதைப் போனில் கத்த வேண்டும்.

"அடுப்புல மொதல்ல சின்ன மிலார் போட்டுப் பத்தவைக்கச் சொல்றாரு! பெரிய கட்டை போட்டா புகைதான் வருமாம்!"

போட்டோம்.

"இடது பக்கம் இருக்கிற காத்துக் கதவைப் பாதி தொறக்கணுமாம்!"

"அந்தக் கைப்பிடி இப்ப வலது பக்கம். ஈஸ்டருக்கு அப்புறம் மெக்கானிக் மாத்திட்டாருன்னு சொல்லுங்க!"

"எவன் மாத்தச் சொன்னான்னு கேக்குறாரு!"

"லெஸ்லி சார் சொன்னாருன்னு சொல்லுங்க!"

"அதை ஏன் தன்கிட்ட சொல்லலன்னு கேக்குறாரு!"

"இப்ப சண்டை போட நேரமில்லைன்னு சொல்லுங்கக்கா!"

சின்னம்மை அக்கா அதையும் அப்படியே சொன்னார். பழனியாண்டி மஃப்ளரைக் கொஞ்சம் தளர்த்தினார். அடுப்புச் சூடு ஏறத் தொடங்கியிருந்தது, அதனால்தான் என்று நினைத்தேன்.

ஈரத்தூளை அப்படியே டிரையர் தட்டில் கொட்டப் போனோம். அதற்குள் ஜன்னலிலிருந்து சத்தம் வந்தது. தூளைத் தனியாகப் போடக் கூடாது, தட்டு ஓட்டை வழியாக விழுந்து அடியில் தீப்பிடிக்கும், கொத்திய மிலார் குச்சியோடு கலந்து பரப்ப வேண்டும். கலந்தோம். தங்கவேலு அண்ணன் மற்றவர்களைப் போல் இரண்டு பங்கு வேலை செய்தார். தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே நகர்ந்தன.

கொஞ்ச நேரத்தில் கருகல் வாசனை வந்தது. 

"கருகுதுன்னு சொல்லுங்கக்கா!"

"சூடு எவ்வளவுன்னு கேக்குறாரு!"

சொன்னேன். அப்போது பழனியாண்டி சட்டென்று பக்கத்தில் வந்தார். "தேயிலைக்கு வைக்கிற சூடு இதுக்கு ஜாஸ்திம்மா. எங்க மில்லுலயே பெல்லட் போடறப்ப சூட்டைக் குறைச்சிருவோம், இல்லேன்னா உள்ளயே பத்திக்கும். குறைக்கச் சொல்லுங்க" என்றார்.

சின்னம்மை அக்கா கத்தினார். பதில் வந்தது. "எவ்வளவு குறைக்கணும்னு ஆபீசர்கிட்ட கேக்குறாரு! இவருக்குத் தேயிலைதான் தெரியுமாம், குச்சி புதுசாம்!"

அப்புறம் நான் தேவைப்படவே இல்லை. பழனியாண்டி டிரையர் பக்கம் நின்றுகொண்டு சூட்டைச் சொன்னார். பிராங்ளின் திருப்பூரில் நின்றுகொண்டு காற்றாடி வேகத்தையும் தட்டு வேகத்தையும் சொன்னார். நடுவில் சின்னம்மை அக்கா, இரண்டு பேர் சொல்வதிலும் பாதி புரியாமல், ஒரு எழுத்து விடாமல் கத்திக்கொண்டிருந்தார். நடுவில் ஒருதடவை, "அங்க சூப்பர்வைசர் திட்டுறாராம், ஒரு நிமிசம்!" என்றார். பிறகு, "திட்டிட்டுப் போயிட்டாராம், சொல்லுங்க!" என்றார். பழனியாண்டி வாய்விட்டுச் சிரித்தார். காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

காய்ந்து வெளியே விழுந்ததை எடுத்துக் கையில் நொறுக்கினேன். மொறுமொறுவென்று இருந்தது. அரைத்து, பெல்லட் மெஷினில் விட்டோம். பளபளவென்று சுடச்சுட விழுந்தது. பழனியாண்டி அதை ஆறவிட்டார். கருவியில் போட்டார். நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஒன்பதரை" என்றார் பழனியாண்டி. "வெயில்ல காயவெச்சதவிட இது நல்லாருக்கு."

தங்கவேலு அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "மன்னிச்சுக்கோங்கண்ணா, ரொம்பக் கத்திப்புட்டேன்" என்றேன். "நீங்க கத்தாட்டித்தாம்மா எனக்குப் பயம் வரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எத்தனையோ மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது எனக்கு நிஜமாகவே உடம்பில் தெரிந்தது. மூச்சு லேசாக வந்தது.

பழனியாண்டி டீ குடித்தார். குடித்துக்கொண்டே சொன்னார், "நான் வரும்போதே வேண்டாம்னு சொல்ற முடிவோடதான் வந்தேன், நெசத்தைச் சொல்றேன். வறண்ட நாள்ல எல்லாரும் நல்ல பெல்லட் தருவாங்க. மழை வந்தா ஒருத்தரும் கிடையாது, நாங்க திரும்பக் கரிக்கே போயிடுவோம். சாம்பலைப் பிடிக்க மெஷின் வெச்சிருக்கோம், கந்தகத்தைப் பிடிக்க மெஷின் வருது. ஆனா கரியையே குறைக்கணும்னா மழையிலயும் காஞ்ச சரக்கு வேணும். நீங்க மட்டும் தரையைக் கழுவலேன்னா, உங்களுக்குக் காயவைக்கத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சே இருக்காது." பிறகு ஜன்னலைக் காட்டி, "அந்தப் போன்ல பேசுறவர் யாரு? உங்க டிரையர் ஆப்பரேட்டரா?"

"என் ஊட்டுக்காரருங்க."

"எங்க இருக்கார்?"

"திருப்பூர்ல. சாயப்பட்டறையில."

அவர் டீ கிளாஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "போன்ல டிரையர் ஓட்ட முடியாதும்மா. சரக்கு பாஸ். ஆனா ஆர்டர் வேணும்னா அவர் இங்க இருக்கணும். இதை உங்க லெஸ்லி சார்கிட்ட நானே சொல்லிடறேன். குன்னூர்ல அவர் ஆபீஸ் வழியாத்தானே போறேன்."

நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். நடக்கிறேனா ஓடுகிறேனா என்று தெரியவில்லை. ஆபீசர் சொன்னதை அதற்குள் போனில் கத்தி முடித்திருந்த சின்னம்மை அக்கா, போனை என் கையில் கொடுத்தார்.

"ஏனுங்க, கேட்டுச்சா?"

 பாய்லர் சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

"கேட்டுச்சு" என்றார்.  பிறகு, மூன்று வருடமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன வாய், "சனிக்கிழமை வரட்டுமா?" என்று கேட்டது.

"எதுக்குங்க சனிக்கிழமை?" நான் கத்திய கத்தலில் ஜீப் பக்கம் நின்ற டிரைவர் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "ஏன், இன்னிக்குப் பஸ் இல்லையா?"

"இருக்கு" என்றார் பிராங்ளின். "துணிமணி எல்லாத்தையும் எடுத்துட்டே வந்திடறேன்."